காங்கேயத்துக்குப் பிராசசர் கேட்கப் போன அக்கா

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதட்டுமா என்று கேட்டால் "வேண்டாமுங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார் என்பதால் கேட்கவும் இல்லை. எதையும் கேட்டுவிட்டுத்தான் செய்வேன் என்று இருந்த ஒருவரைப் பற்றி, அவரைக் கேட்காமலே எழுதுகிறேன். தெரிந்தால் "ஏன் கண்ணு கேக்கல?" என்பார்.

கோயமுத்தூர் சிங்காநல்லூரில் ஒரு பேக்கரிக்கு மேலே, இரும்புப் படி ஏறினால் அவர் கடை. கம்ப்யூட்டர் ரிப்பேர். வெளியே பலகையில் ஏதோ ஒரு பெயர் எழுதியிருந்தது, அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் அவர் சிஸ்டம் அக்காதான். நாற்பத்தைந்து வயதிருக்கும். பருத்திச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேசைக்கு மேல் விளக்கைத் தாழ்த்தி வைத்து உட்கார்ந்திருப்பார். கழற்றிய ஸ்க்ரூக்களை, கீழே பேக்கரியில் வாங்கிய கப் கேக்கின் காகிதக் கிண்ணங்களில் போட்டு வைப்பார். பசியோடு வந்து கிண்ணத்தை எட்டிப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு.

எங்கள் ஊர்ப் பக்கத்து மரியாதையைப் பற்றி நாங்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். திட்டுவதாக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவோம். அந்த மரியாதையில் ஒரு சிக்கல், யாரும் எதையும் நேராகக் கேட்பதும் இல்லை, நேராகச் சொல்வதும் இல்லை. விசேஷத்துக்கு வர முடியாது என்றால் "ஆகட்டுங்க, பார்க்கலாமுங்க" என்போம். பசி காதை அடைத்தாலும் "இப்பத்தானுங்க சாப்பிட்டேன்" என்போம். எதிராளியும் நம்மூர்க்காரர் என்பதால் அவரே புரிந்துகொண்டு இன்னொரு இட்லியை வைக்க வேண்டும். இப்படியே ஒரு ஊர் முழுக்க, ஒருவர் மனதை ஒருவர் ஊகித்துக்கொண்டே காலம் ஓட்டிக்கொண்டிருந்த இடத்தில்தான் அக்கா கடை போட்டிருந்தார். அவருக்கு ஊகம் என்பதே ஆகாது. கேட்பார்.

கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பாட்டுத்தான் பாடுவார்கள். "ஒண்ணும் பண்ணலீங்க. அதுவா நின்னு போச்சுங்க." அக்கா மெஷினைத் தொடவே மாட்டார்.

"கடைசியா என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் இல்லீங்க."

"அதுக்கு முன்னாடி?"

"சும்மாதானுங்க இருந்துச்சு."

"சும்மா இருக்கறப்ப பக்கத்துல என்ன இருந்துச்சு?"

நூற்பு மில் சூப்பர்வைசர் ஒருவர், வெள்ளைச் சட்டை, விபூதி, பார்த்தாலே எழுந்து நிற்கத் தோன்றும் மனிதர், லேப்டாப்போடு வந்தார். இந்தக் கேள்விகளுக்கெல்லாம் நெளிந்து நெளிந்து, முதலில் தண்ணி கொட்டிவிட்டது என்று சொல்லி, கடைசியில் கொட்டியது ஆடி நோம்பிப் பாயசம் என்று ஒப்புக்கொண்டார். "மொதல்லயே பாயசம்னு சொல்லியிருந்தீங்கன்னா தண்ணிக்கு வைத்தியம் பண்ணீட்டு இருந்திருக்க மாட்டனுங்க" என்றார் அக்கா. குரலில் கோபம் துளியும் இல்லை. அவர் கேள்வியில் 'ங்க' என்றைக்கும் குறைந்ததில்லை. ஆனால் பதில் வராமல் அடுத்த கேள்விக்கும் போக மாட்டார்.

கடைக்கு வெளியிலும் இப்படித்தான். டாக்டரிடம் போனால், "இது என்ன வியாதின்னு உங்களுக்குத் தெரிஞ்சு மாத்திரை குடுக்கறீங்களா, தெரியாம குடுக்கறீங்களா?" என்று கேட்பார். கீழே பேக்கரிக்காரர் பாவம், அக்கா படியிறங்கும் சத்தம் கேட்டதுமே "பப்ஸ் நேத்துப் போட்டதுங்க, பன் எடுத்துக்குங்க" என்று தானாகவே வாக்குமூலம் கொடுத்துவிடுவார்.

எல்லா இடத்திலும் இது சிரிப்பாக முடியவில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பெண் பார்க்க வந்திருந்தார்கள். தெரிந்தவர் என்று அக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். பஜ்ஜி, காபி எல்லாம் ஆயிற்று. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் தோட்டம், வண்டி என்று பேசிக்கொண்டிருந்தபோது அக்கா மாப்பிள்ளையைப் பார்த்து, "ஏந்தம்பி, உங்களுக்கு இந்தக் கல்யாணம் வேணுங்களா?" என்று கேட்டுவிட்டார். வேணும் என்று பையன் சட்டென்று சொல்லியிருக்கலாம். யோசித்தான். ரொம்ப நேரம் யோசித்தான். அந்த யோசனையிலேயே சம்பந்தம் நின்று போனது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்காரர்கள் அக்காவோடு பேசுவதில்லை. அக்காவும் அந்த வழியாகப் போகாமல் பின் தெருவைச் சுற்றிக்கொண்டு போவார். செய்தது சரியா தப்பா என்று நான் என்றும் அவரிடம் கேட்டதில்லை. எனக்கே தெரியாது.

என் கதைக்கு வருகிறேன். நான் கம்ப்யூட்டர் எம்பிராய்டரிக்கு டிசைன் போடுகிறவள். ரவிக்கைக் கழுத்து, சேலை ஓரம், குழந்தைச் சட்டையில் யானை, முயல் என்று திரையில் வரைந்து, ஊசி எங்கே குத்த வேண்டும், நூல் எங்கே மாற வேண்டும் என்று தையல் தையலாகச் சொல்லி அனுப்பினால் கடையில் இருக்கும் மெஷின் அதைத் தைத்துவிடும். வீட்டில் சன்னலோரம் இருந்த சின்ன அறைதான் என் ஆபீஸ். அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் நான் யாருக்கும் மருமகள் இல்லை, யாருக்கும் அம்மா இல்லை. அது எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த அறைக்குத்தான் ஆபத்து வந்தது. என் மாமனாருக்குக் காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில். ஒவ்வொரு முறை போகும்போதும், "எப்பக் கண்ணு இங்கயே வந்துர்றீங்க?" என்பார். நானும் என் வீட்டுக்காரரும் "ஆகட்டுங்க" என்போம். இந்த ஆகட்டுங்க சேர்ந்து சேர்ந்து, வருகிற தை மாதம் நாங்கள் காங்கேயத்துக்கே குடி போவதாக எப்படியோ முடிவாகிவிட்டது. முடிவு செய்தது யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அங்கே மாடியில் எங்களுக்காக ஒரு அறை எழும்பிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் திருப்பூர்க் கம்பெனி ஒன்று குழந்தைத் துணிக்கு ஒரு தொகுப்பு முழுக்க டிசைன் கேட்டது. இதை நல்லபடியாக முடித்துக் கொடுத்தால் தொடர்ந்து வேலை வரும். மாமனாரிடம் காட்டி, "பாருங்க மாமா, இத்தனை வேலை இருக்குது, எப்படி வர்றது?" என்று சொல்ல எனக்கு ஒரு சாக்குக் கிடைக்கும். நேராகச் சொல்லத் தைரியம் இல்லாதவளுக்குச் சாக்குத்தானே துணை.

டிசைன்கள் பெரியவை. என் கம்ப்யூட்டர் திணறியது. கம்ப்யூட்டருக்கு மூளையான பிராசசரை மட்டும் மாற்றினால் போதும், அதே போர்டு தாங்கும் என்று படித்துப் பார்த்துப் புதிதாக ஒன்றை வரவழைத்தேன். அது வந்து சேருவதற்குள் இன்னொன்று நடந்தது. பழைய பிராசசரை வைத்து மில்லில் பில் போட ஒரு கம்ப்யூட்டர் கட்டிக் கொடுக்கலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். மாமனார் நாள் பார்த்துவிட்டார். வளர்பிறை, முகூர்த்தம், அதை விட்டால் இரண்டு வாரத்துக்கு நல்ல நாள் இல்லை. ஆக, புதியது வீட்டுக்கு வந்து சேருவதற்கு முன்பே பழையது கழன்று காங்கேயம் போய், புதுக் கேபினெட் பெட்டிக்குள் உட்கார்ந்து, சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு பில் போட ஆரம்பித்துவிட்டது.

புதியது வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டினேன். சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கருப்பு. மெமரி அட்டையை, அதான் ராமை, கழற்றித் துடைத்து மாட்டினேன். கேபிளை மாற்றினேன். கும்பிட்டேன். கருப்பு அப்படியே இருந்தது. வாரக் கடைசிக்குள் திருப்பூருக்கு டிசைன் போக வேண்டும். கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு இரும்புப் படி ஏறினேன்.

"என்னாச்சு கண்ணு?"

"ஒண்ணும் பண்ணலீங்கக்கா. அதுவா நின்னு போச்சுங்க."

சொல்லி முடித்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை, காத்திருந்தார். முழுக்கதையையும் சொன்னேன். காதில் வாங்கிக்கொண்டே பிராசசரைக் கழற்றி, அடியில் ஊசி எதுவும் வளைந்திருக்கிறதா என்று விளக்கில் பார்த்தார். போர்டில் இருந்த சின்ன பேட்டரியை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பப் போட்டார். ஒற்றை ராமை மட்டும் வைத்துப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார்.

"நீ மாட்டினதுல தப்பு இல்ல கண்ணு. போர்டு பழசு. இவரு புதுசு. இவரு ஆருன்னு போர்டுக்குத் தெரியல. போர்டுக்குள்ள பயாஸ்னு ஒண்ணு இருக்குதல்ல, அதைப் புதுசு பண்ணோணும். அதுக்கு முதல்ல மெஷினு ஓடோணும். ஓடறதுக்குப் பழையவரு வேணும். பழையவரு எங்க?"

"காங்கேயத்துலங்க."

"கேட்டு வாங்கீட்டு வா. ஒரு மணி நேரம் போதும்."

என் முகத்தைப் பார்த்திருப்பார் போல. "என்ன கண்ணு?"

எப்படிக் கேட்பது? நாள் பார்த்துப் பொட்டு வைத்த கம்ப்யூட்டரைப் பிரித்து உள்ளே இருப்பதைக் கொடுங்கள் என்று மாமனாரிடம் எப்படிக் கேட்பது? கேட்டால், புதுசு போட்டது ஓடவில்லை என்று தெரிந்துவிடும். ஓடவில்லை என்றால் வேலை இல்லை, வேலை இல்லை என்றால் தை மாதம். வேறு கடைகளில் அந்தப் பழைய ரகம் இருக்கிறதா என்று விசாரித்துப் பார்த்தோம். எல்லா இடத்திலும் "பார்க்கலாமுங்க"தான்.

"இங்க கொண்டாந்தா அங்க பில்லு நின்னு போயிரும். நாமளே போலாம்" என்றார் அக்கா. "நீ கேக்க வேண்டாம். நான் கேக்கறேன்."

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் கார் ஓட்ட, பின் சீட்டில் அக்கா, அவர் பக்கத்தில் சீட் பெல்ட் போட்டு என் கேபினெட். சூலூர் தாண்டுவதற்குள் அக்கா என் வீட்டுக்காரரைக் கேட்டார், "ஏந்தம்பி, நீங்க காங்கேயம் போகோணும்னு ஆசையா?" அவர் கியரை மாற்றினார். "அப்பா கூப்படறாருங்க" என்றார். "நான் அதைக் கேக்கலீங்க" என்றார் அக்கா. அவர் மறுபடியும் கியரை மாற்றினார்.

மில்லில் வழக்கம்போல மோட்டார் சத்தம். அங்கே எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள், அதனால் அதிகம் பேசவும் மாட்டார்கள். அக்கா நேரே மாமனாரிடம் போய்ச் சொன்னார், "ஏனுங்கய்யா, உங்க கம்ப்யூட்டர்ல இருக்கற பிராசசரு ஒரு மணி நேரம் வேணுங்க. முடிச்சுப்போட்டு நானே மாட்டிக் குடுத்துடறேன்."

"அட, அதுக்கென்னுங்க அம்மணி, எடுத்துக்குங்க" என்றார் மாமனார். அவ்வளவுதான். இதற்காக நான் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

பழையவரை எடுத்து என் போர்டில் உட்கார வைத்ததும் திரையில் வெளிச்சம் வந்தது. பென் டிரைவைச் செருகிவிட்டு அக்கா நிமிர்ந்தார். "இப்ப இதுபாட்டுக்கு எழுதிக்கும். எழுதறப்பக் கரண்டுல ஏதாச்சும் ஆச்சுன்னா போர்டு செத்துரும். யுபிஎஸ் இருந்தாலும் எனக்கு நம்பிக்கை இல்லீங்க. மோட்டாரைச் சித்தே நிறுத்திக்கலாங்களா?"

மாமனார் கையைக் காட்டினார். மோட்டார் நின்றது. அந்த மில்லில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை. என்னவோ ஏதோ என்று மில்லை ஒட்டிய வீட்டுக்குள்ளிருந்து என் மாமியார், அத்தை கூட ஈரக் கையோடு ஓடி வந்துவிட்டார். திரையில் ஒரு நீலப் பட்டை எறும்பாட்டம் ஊர்ந்தது. யாரும் எதையும் தொடக் கூடாது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஏனுங்கய்யா," என்றார் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இவங்க தை மாசம் இங்கயே வந்துர்றாங்களாமா. உங்களுக்கு அது வேணுங்களா?"

அந்தப் பெண் பார்த்த வீடு கண் முன்னால் வந்து நின்றது.

"இது அவங்க ஊடுங்க அம்மணி. நான் வேண்டாம்னா சொல்லுவேன்?"

"வேண்டாம்பீங்களான்னு கேக்கலீங்க. வேணுங்களான்னு கேட்டேன்."

மாமனார் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"நெசத்தச் சொல்றதுன்னா, எனக்கு இந்த மில்லே வேண்டாமுங்க. பக்கத்து மில்லுக்காரரு குத்தகைக்குக் கேட்டு வருசக்கணக்காச்சு. பையன் வாரேங்கறானே, வந்தா அவனுக்கு ஒரு தொழில் வேணுமேன்னு இழுத்துப் புடிச்சுட்டு இருக்கறேன்."

"நான் எப்பங்கப்பா வாரேன்னேன்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கேக்கறப்பெல்லாம் ஆகட்டுங்கறியே!"

"நீங்க கூப்படறீங்க. எப்படீங்க வேண்டாங்கறது?"

"கூப்பிடாம எப்படிடா இருக்கறது? பெத்தவன் ஒரு வார்த்தை கூப்பிடலீன்னு நீங்க நெனைச்சுக்க மாட்டீங்களா?"

அப்பாவும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டார்கள். அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு கண்ணு."

"எனக்கு என்னோட வேலை வேணுங்க மாமா. சிங்காநல்லூர்லயே இருக்கோணுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் மோட்டார் ஓடாததால் எல்லோருக்கும் கேட்டது.

"உங்களுக்குங்கம்மா?"

அத்தை முதலில் தன்னைக் கேட்கவில்லை என்றுதான் நினைத்தார். பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிக்கூடப் பார்த்தார். பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "எனக்குக் கோயமுத்தூர் வரோணும்" என்றார்.

"அப்ப அந்த மாடி ரூமு?" என்றார் மாமனார்.

"அது நீங்க கட்டறீங்க. என்னைக் கேட்டா கட்டறீங்க? முப்பத்தஞ்சு வருசமாக் கொப்பரை வாசத்துலயே சோறு திங்கறேன். நாலு நாளைக்கு வேற வாசத்துல திங்கறனே."

நீலப் பட்டை முடிந்து மெஷின் தானாக அணைந்து மறுபடி எழுந்தது. அக்கா ஒன்றும் நடக்காதது போல வேலையைப் பார்த்தார். பழையவரைக் கழற்றி மில் கம்ப்யூட்டரில் மாட்டி, பில் போடுகிறதா என்று மாமனாரையே ஒன்று போட்டுப் பார்க்கச் சொன்னார். மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கியது. பிறகு புதியவரை எடுத்து என் போர்டில் உட்கார வைத்தார். நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பார்த்தேன், அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. சூடு தணிய பிராசசர் மேல் வைக்கும் பேஸ்ட் ட்யூபைத் திறக்கக்கூட முடியவில்லை.

"அக்கா, கை நடுங்குதுங்களே."

"கேக்கறப்ப நடுங்காது கண்ணு. கேட்டு முடிச்சதுக்கப்பறந்தான் நடுங்கும். அந்தப் பொண்ணு பார்த்த ஊட்டுக்குப் போயிட்டு வந்து ரெண்டு நாளைக்கு ஸ்க்ரூ புடிக்க முடியல." ட்யூபை என்னிடம் கொடுத்தார். "நீ போடு. பொட்டாட்டம் நடுவுல கொஞ்சமா வெய்யி."

அவரைத் துளிப் பயமும் இல்லாதவர் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். எனக்கு அவரை அங்கேயே கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பேஸ்ட்டை வைத்தேன். அவர் அதன் மேல் விசிறியை இறக்கிக் கொக்கியை அழுத்தினார். சுவிட்சைப் போட்டோம். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை வெளுத்தது. என் யானையும் முயலும் அப்படியே இருந்தன.

கிளம்பும்போது அத்தை ஒரு பையோடு வந்து காரில் ஏறிக்கொண்டார். அவ்வளவு சீக்கிரம் ஒருவர் துணி எடுத்து வைத்து நான் பார்த்ததில்லை. கேபினெட் அவருக்கும் அக்காவுக்கும் நடுவில். மாமனார் வாசல் வரை வந்தார். மில் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு என் பக்கத்துக் கண்ணாடியில் குனிந்தார். வழக்கமாகப் பேச்சு மகனோடுதான், என்னோடு அதிகம் பேச மாட்டார்.

"கண்ணு, மில்லைக் குத்தகைக்கு உட்டுப்போட்டு நானும் வந்தா, அங்க எனக்கு எடம் இருக்குமா?"

ஆகட்டுங்க மாமா என்று வாய் வரை வந்தது. பின்னால் அக்கா இருப்பது ஞாபகம் வந்து, யோசித்தேன்.

"இருக்குதுங்க மாமா. கூடம் இருக்குது, உள் ரூமு இருக்குது. ஆனா அந்தச் சன்னலோர ரூமு மட்டும் என்னோட வேலைக்கு வேணுங்க. அதைக் குடுக்க முடியாதுங்க."

மாமனார் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"அதை ஆரு கண்ணு கேட்டா?" என்றார்.